தலைவி மேல் ஒரு பகடை

கதவு மூடி ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த அறைக்குக் கதவு ஒன்றுதான். ஜன்னல் கிடையாது. தேநீர்த் தட்டு உள்ளே வருவதற்காகச் சுவரில் ஒரு சதுரத் துவாரம் உண்டு. அதன் இரும்பு மூடியும் கதவோடு சேர்ந்தே பூட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்று நான்கு சுவரிலும் சாம்பல் நிறக் கம்பளி ஒட்டியிருந்தார்கள். கத்தினாலும் குரல் அதில் புதைந்து போனது. கடிகாரத்தின் சத்தம் மட்டும் ஏனோ புதையவில்லை. மணி மூன்றேகால்.

கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து தன் பழைய விசிலை எடுத்து, கதவைப் பார்த்து இரண்டு முறை ஊதினார்.

"இருபத்தாறு வருஷம், ரெண்டு விசில் அடிச்சா வண்டி கிளம்பும். இது நகர மாட்டேங்குதே, டீச்சர்."

"உட்காருங்க கண்டக்டர்."

"இந்த அறை பாதுகாப்பா இருக்கான்னு பார்த்துச் சொல்லத்தானே நம்மளைக் கூப்பிட்டாங்க? பாதுகாப்பா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடலாம்."

"எது வழியா போவீங்க?"

கண்டக்டர் விசிலைப் பையில் போட்டார். உட்கார்ந்தார்.

டீச்சர் பதினொரு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். உதவியாளரோ அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய தொழில் இருவரையும் விடவில்லை. பெயர் சொல்லி அவர்களைக் கூப்பிடும் ஆள் யாருமில்லை.

அவர்களை வரவழைத்த கம்பெனி தயாரிப்பது வனப்போர் என்ற அட்டை விளையாட்டு. மிருகங்களும் பூதங்களும் மோதிக்கொள்ளும் ஆட்டம். புதிய அட்டை கடைக்குப் போவதற்கு முன் அதன் ஒரே ஒரு மாதிரி இந்த அறைக்கு வரும். இங்கே ஆடிப் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும். அதனால் வரும்போதே எல்லோரும் கைப்பேசியை வெளியே இழுப்பறையில் போட்டுவிட வேண்டும். மாதிரி காணாமல் போனால் சிவப்பு மணியை அழுத்த வேண்டும். கதவு மூடிக்கொள்ளும். மாதிரி திரும்பக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் முதலாளி தன் சாவியோடு வர வேண்டும். அதுவரை யாருக்கும் வெளியே போக வழியில்லை. முதலாளி விமானத்தில் இருந்தார். ஆறு மணிக்குத்தான் இறங்குவார்.

இன்று இரண்டு மணிக்கு மாதிரி காணாமல் போயிருந்தது.

மாதிரிக்குப் பொறுப்பானவர் பெட்டிக்காரர். மாதிரி இருக்கும் தகரப் பெட்டியும், கதவின் ரகசிய எண்ணும் அவரிடம்தான். விதிப் புத்தகத்தைத் தலையணைக்குப் பதிலாக வைத்துத் தூங்கக்கூடிய மனிதர். இப்போது மூன்றாவது முறையாக எல்லோருடைய பைகளையும் சோதித்துக்கொண்டிருந்தார். சட்டை, செருப்பு, தேநீர்ச் சாடி, நாற்காலிக் கால் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த வரிசையில் இப்போது ஒரு பச்சைப் பையைக் கவிழ்த்தார்.

விலைச் சீட்டுப் பிரிக்காத புது உடை ஒன்று விழுந்தது. பிறகு மூன்று புகைப்படங்கள். பிறகு ஓர் அடையாள அட்டை. அட்டையைத் தன் எழுதும் பலகையின் கிளிப்பில் செருகிக்கொண்டு, அதன் எண்ணை அறிக்கையில் நிதானமாக எழுதினார்.

"புதுத் துணி, போட்டோ, அடையாள அட்டை. ஊரை விட்டே கிளம்பற மாதிரி இருக்கே தங்கச்சி?"

பைக்காரி சுவர் ஓரம் நின்றிருந்தாள். கம்பெனியில் அட்டைகளை ஆடிச் சோதிக்கும் இருவரில் ஒருத்தி. ஆட்டத்தை உருவாக்கியவரின் கூடப் பிறந்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் தங்கச்சி, அவர் அண்ணன்.

"கல்யாணத்துக்குக் கிளம்பறேன்," என்றாள்.

"யாரோட கல்யாணம்?"

"என்னோடது."

பெட்டிக்காரரின் பேனா நின்றது.

"பதிவு ஆபீஸ்ல நோட்டீஸ் கொடுத்திருக்கோம். அதுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். நாலரைக்கு ஆபீஸை மூடிடுவாங்க. அவர் சரக்குக் கப்பல்ல சமையல்காரர். நாளைக்குக் காலையில கப்பல் கிளம்புது. திரும்பி வர ஒன்பது மாசம் ஆகும்." அவள் குரல் உடையவில்லை. ஆனால் வார்த்தைகள் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வந்தன. "வாசல்ல இருந்து இடது பக்கம் திரும்பினா பத்து நிமிஷ நடை. மூணு மணிக்கே வர்றேன்னு சொல்லியிருக்கேன். அங்க நின்னுக்கிட்டு இருப்பார். நான் மனசு மாறிட்டேன்னு நினைச்சுக்குவார்."

"வலது பக்கம் திரும்பினா?" என்று கேட்டார் கண்டக்டர், பழக்க தோஷத்தில்.

"எங்க வீடு."

எல்லோர் கண்ணும் அண்ணன் பக்கம் போனது. நாற்பது வயது, பென்சில் கறை படிந்த விரல்கள். கைகட்டி உட்கார்ந்திருந்தவர் கையைப் பிரிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல," என்றார் மெல்ல. "இப்ப பேசி என்ன? கதவு மூடிக் கிடக்கு."

கண்டக்டர் டீச்சரின் காதருகே குனிந்தார். "என் தங்கச்சி இப்படி ஒரு குண்டைப் போட்டிருந்தா நான் கூரையைப் பிச்சிருப்பேன். இவர் என்ன, அடுத்த ஸ்டாப் எதுன்னு கேட்டவர் மாதிரி உட்கார்ந்திருக்கார்?"

"கவனிச்சேன்."

"அப்புறம் இன்னொரு விஷயம். இந்த அறையில கழிப்பறையும் இல்ல. அதையும் அறிக்கையில எழுதிடுங்க."

டீச்சர் பெட்டிக்காரரிடம் திரும்பினார். "கடைசியா மாதிரியை யார் கையில பார்த்தீங்க?"

"பன்னிரண்டு மணிக்கு அண்ணன் கலர் பார்க்கணும்னு எடுத்தார். பார்த்துட்டுத் திருப்பி வெச்சார்."

"வெச்சதைப் பார்த்தீங்களா?"

பெட்டிக்காரர் ஒரு கணம் யோசித்தார். "பெட்டியை மூடினதைப் பார்த்தேன்."

"அது வேற, இது வேற," என்றார் கண்டக்டர். "ஆனா டீச்சர், அவர் உருவாக்கின கார்டு. நினைச்ச நேரம் எடுத்துப் பார்க்கலாம். அவரே ஏன் திருடணும்? தன் வீட்டுக்குத் தானே கன்னம் வெச்ச கதையா இருக்கும்."

அண்ணன் முதல் முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி மூன்று முப்பத்தைந்து.

அறையின் நடுவே இருந்த மேஜையைச் சுற்றிப் பெட்டிக்காரர் மஞ்சள் நாடா கட்டியிருந்தார். அதன் மேல் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் அட்டைகள், சில அட்டைகளின் மேல் சின்னச் சின்ன வெள்ளைப் பகடைகள். தங்கச்சிக்கு எதிராக ஆடியவர், தடித்த கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், நாடாவுக்கு இந்தப் பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சோடாபுட்டி என்பார்கள்; அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

டீச்சர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுங்க."

"இப்பவா?"

"வேற எங்க போகப் போறோம்?"

சோடாபுட்டியின் முகம் அன்று முதல் முறையாக மலர்ந்தது. "ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு பலம் இருக்கும், எண்ணா போட்டிருக்கும். படத்துக்குக் கீழ இனம் எழுதியிருக்கும். இது ஓநாய், இது ஓநாய், இதுவும் ஓநாய், அது கரடி. ஓநாய்க்கெல்லாம் ஒரு தலைவி இருக்கா, இதோ நடுவுல. அவ மேஜையில இருக்கற வரைக்கும் அவ பக்கத்து ஓநாய் ஒவ்வொண்ணுக்கும் பலம் ஒண்ணு கூடும். அதை ஞாபகம் வெச்சுக்கத்தான் ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பகடை வைப்போம்."

"கரடிக்கு?"

"கிடையாது. இனம் வேற."

"புரிஞ்சுபோச்சு," என்றார் கண்டக்டர். "இது சலுகை பாஸ். ஸ்டூடண்ட்டுன்னு அட்டையில இருந்தா உண்டு. கரடி எவ்வளவு கெஞ்சினாலும் முழு டிக்கெட். அது சரி, இந்தக் குல்லா போட்ட குள்ளன் யாரு? ஓநாய் மூஞ்சி இல்லையே, இவன் மேலயும் பகடை இருக்கு?"

"அவன் வேஷக்காரன். எல்லா இனமும் அவன்தான். ஓநாயைக் கேட்டா ஓநாய், கரடியைக் கேட்டா கரடி."

"இருந்தான், எங்க ரூட்லயும் ஒருத்தன் இருந்தான். மாணவன், முதியோர், ஊனமுற்றோர், மூணு பாஸும் ஒரே பையில."

நாடாவுக்கு அப்பால் நின்றிருந்த தங்கச்சிகூடச் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் அது நின்றுவிட்டது.

"தலைவி செத்துட்டா?" என்று கேட்டார் டீச்சர்.

"அந்த நிமிஷமே கூட்டின பலம் போயிடும். அடிபட்ட ஓநாய் ஏதாவது அந்த ஒரு பலத்துலதான் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னா, அதுவும் கூடவே சாகும்."

"கண்டக்டர் இறங்கிட்டா எவன் பாஸும் செல்லாது," என்றார் கண்டக்டர் பெருமையாக. "அந்த அம்மாவுக்கு அவளோட பாஸ் உண்டா?"

"தலைவிக்கா? கிடையாது. அவ கொடுப்பா, அவளுக்கு வராது. ரெண்டு தலைவி இருந்தா ஒருத்திக்கு ஒருத்தி கொடுத்துக்கலாம். இந்த மேஜையில ஒருத்திதான்."

"அதானே. கண்டக்டருக்கு ஏது டிக்கெட்?" என்று சொல்லிக்கொண்டே நாடாவுக்கு மேல் எட்டிப் பார்த்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார். இருபத்தாறு வருடம் நெரிசலில் டிக்கெட் எடுக்காதவனைத் தேடிப் பழகிய கண் அது. இன்று டிக்கெட் எடுக்கக் கூடாத ஆளிடம் போய் நின்றது.

"டீச்சர். அப்ப இந்தக் கண்டக்டர் ஏன் டிக்கெட் எடுத்திருக்கா?"

தலைவியின் அட்டை மேல் ஒரு வெள்ளைப் பகடை இருந்தது. மேல் முகத்தில் ஒற்றைப் புள்ளி.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பகடை அங்கேயேதான் இருந்தது. "தங்கச்சி வெச்சிருப்பா... இல்ல, வாய்ப்பே இல்ல."

"நானா?" அவள் நாடா வரை வந்தாள். "ஆறு வருஷமா ஆடறேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தலைவி மேல பகடை வைக்க மாட்டேன்."

"சீட்டு இருக்கே!" சோடாபுட்டி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஆட்டத்தை நிறுத்தறப்ப எல்லாம் மேஜை நிலவரத்தை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். ஒண்ணே முக்காலுக்கு டீ வந்தப்ப எழுதினது. தலைவி, பலம் ரெண்டு, பகடை இல்லை."

"டீக்கு அப்புறம் ஆடினீங்களா?"

"எங்க ஆடறது? திரும்பி வந்து உட்காரல. ரெண்டு மணிக்கு இவர் பெட்டியைத் திறந்தார். மணி அடிச்சுது, கதவு மூடிக்கிச்சு, நாடாவைக் கட்டிட்டார்."

பெட்டிக்காரர் பலகையோடு வந்தார். "கல்யாண அவசரத்துல கை தவறி வெச்சிருக்கும் பொண்ணு. இதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு. நான் ரெண்டு அட்டைக் கட்டையும் எண்ணிட்டேன். அந்தப் பக்கம் அறுபது, இந்தப் பக்கம் அறுபது. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல."

"உறையோட எண்ணினீங்களா, உறையைப் பிரிச்சா?"

ஒவ்வொரு அட்டையும் ஓர் உறைக்குள் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி போல, பின்பக்கம் கறுப்பு.

"உறையோடதான். பிரிக்கறதுக்கு விதி இல்ல."

டீச்சர் எழுந்து, கதவிலிருந்து சுவர் வரை ஒருமுறை நடந்தார். ஒன்பது அடி. திரும்பி வந்தார். மணி மூன்று ஐம்பத்திரண்டு. தங்கச்சி கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காணாமப் போன கார்டுல என்ன எழுதியிருக்கு?" என்று டீச்சர் அண்ணனைக் கேட்டார்.

"அதைச் சொல்லக் கூடாது. கம்பெனி ரகசியம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் முதலாளிக்கும். இவங்க கைக்கு நாளைக்குத்தான் வர்றதா இருந்துச்சு."

"பெட்டிக்காரருக்கு?"

"நான் முதுகுப் பக்கம் மட்டும்தான் பார்ப்பேன்," என்றார் பெட்டிக்காரர். "சிவப்பு மையில மாதிரின்னு முத்திரை இருக்கும். திருப்பிப் பார்க்க எனக்கு அனுமதி இல்ல."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார். "பதினொரு வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கேன். தப்பான விடையில ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, கணக்கே தெரியாம எழுதறது. இன்னொண்ணு, வேற கணக்குக்குச் சரியான விடையை எழுதி வைக்கறது. மூணாவது கேள்விக்கு நேரா நாலாவது கேள்வியோட விடை இருக்கும். இந்த அறையில ஆட்டம் தெரியாத ஆள் நாங்க ரெண்டு பேரும் இவரும்தான்." பெட்டிக்காரரைக் காட்டினார். "நாங்க மூணு பேரும் பகடையைத் தொட மாட்டோம், எதுக்குன்னே தெரியாது. அப்ப இது ரெண்டாவது வகை. விடை சரி. கேள்விதான் மாறியிருக்கு."

"எனக்குப் புரியல," என்றார் கண்டக்டர்.

"சோடாபுட்டி சார், தலைவி கார்டுல இருக்கறதைச் சத்தமாப் படிங்க."

சோடாபுட்டி டீச்சரின் முகத்தைப் பார்த்தபடியே ஒப்பித்தார்: "உன் பக்கத்து ஓநாய்கள் ஒவ்வொன்றுக்கும் பலம் ஒன்று கூடும். தலைவிக்கு இந்தப் பலம் சேராது."

"என்னைப் பார்த்து இல்ல. கார்டைப் பார்த்து."

அவர் நாடாவின் மேல் குனிந்தார். மூக்கு அட்டையைத் தொடும் அளவுக்கு.

"உன் பக்கத்து ஓநாய்கள் ஒவ்வொன்றுக்கும் பலம் ஒன்று கூடும். தலைவிக்கும்..." நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். "தலைவிக்கும் இந்தப் பலம் சேரும். டீச்சர், இது எங்க கார்டு இல்ல! அதே படம், அதே இடத்துல அதே கிழிஞ்ச காது. ஆனா எங்க கார்டு இல்ல."

"மனப்பாடமான கார்டை யார் படிக்கப் போறாங்க?" என்றார் டீச்சர். "பெட்டிக்காரரே, அந்த உறையைப் பிரிங்க. விதியை நான் பார்த்துக்கறேன்."

பெட்டிக்காரர் உறையைப் பிரித்தார். உறைக்குள்ளிருந்து ஓர் அட்டைக்குப் பதில் இரண்டு வந்தன. பின்னால் இருந்தது, ஆறு வருடமாக எல்லோரும் ஆடிய பழைய தலைவி. முன்னால் இருந்ததைத் திருப்பினார். முதுகில் சிவப்பு மையில் முத்திரை.

"ரெண்டு மணி நேரமா என் மூக்குக்கு நேரா!" என்றார் பெட்டிக்காரர்.

"ஒளிச்சு வெச்சவர் நல்லாத்தான் ஒளிச்சார்," என்றார் டீச்சர். "டீ வந்தப்ப எல்லாரும் துவாரத்துக்கிட்ட இருந்தீங்க. அவர் மட்டும் இங்க நின்னார். எப்பவும் ஆட்டத்தைப் பார்த்துக்கிட்டே டீ குடிப்பாராம், யாரும் வித்தியாசமா நினைக்கல. பன்னிரண்டு மணிக்கு எடுத்ததை உறைக்குள்ள செருகிட்டார். அதோட விட்டிருந்தா ஆறு மணி வரைக்கும் நமக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா மேஜையில புதுத் தலைவி வந்தாச்சு. அவளுக்கும் பலம் ஒண்ணு கூடணுமே? ஆட்டத்தைப் பெத்தவராச்சே, தப்பான மேஜையைப் பார்த்துக்கிட்டு அவரால சும்மா இருக்க முடியல. புத்திக்குத் தெரியாமலே கை ஒரு பகடையை எடுத்து வெச்சிடுச்சு."

யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார், யாருடையதோ என்பது போல.

"வெச்சது எனக்கு ஞாபகமே இல்ல," என்றார்.

"ஆனா ஏன்?" என்றார் பெட்டிக்காரர். "கார்டு அறையை விட்டே போகலியே! இதை எடுத்து என்ன லாபம்?"

"அவருக்குக் கார்டு வேண்டியதில்ல," என்றார் டீச்சர். "கதவு மூடணும். காணோம்னு நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள மணியை அழுத்தினது யாரு? இங்க ரெண்டு பேர் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இந்தப் பொண்ணு, முள் நகரக் கூடாதேன்னு பார்த்துச்சு. இவர், நகர மாட்டேங்குதேன்னு பார்த்தார்."

தங்கச்சி அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"பதிவு ஆபீஸ் பலகையில நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. அப்பா பேரு, வீட்டு நம்பர் எல்லாம் போட்டு. மூணு வாரமா நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

மணி நாலு ஐந்து.

"கார்டு கிடைச்சாச்சு," என்றாள் அவள் பெட்டிக்காரரிடம். "கதவைத் திறங்க."

"இதோ. அறிக்கை எழுதிட்டேன். உள்ள இருந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டா எண்ணை அழுத்திடலாம்."

டீச்சர் போட்டார். கண்டக்டர் நின்றபடியே கிறுக்கினார். சோடாபுட்டி போட்டார். தங்கச்சியின் கையெழுத்து தாளைக் கிழித்தது. பெட்டிக்காரர் பேனாவை அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணன், கையெழுத்து."

"ஆறு மணிக்கு முதலாளி வரட்டும். போடறேன்."

"யோவ்!" என்றார் கண்டக்டர். "எண்ணை அழுத்துங்கய்யா பெட்டிக்காரரே. ஒரு கையெழுத்துதானே!"

"ஆறு பேர் உள்ள இருந்தா ஆறு கையெழுத்து. நான் பதினெட்டு வருஷம்..." பெட்டிக்காரர் அழுதுவிடுவார் போலிருந்தது.

அண்ணன் தங்கையை மட்டும் பார்த்துப் பேசினார். "அப்பாவும் கப்பல்லதான் போனார். ஒன்பது மாசம்னுதான் சொல்லிட்டுப் போனார். நீ அப்ப கைக்குழந்தை. தினம் வாசல்ல போய் உட்கார்ந்தது யாரு தெரியுமா? அம்மாகூட இல்ல. நான். உன் நல்லதுக்குத்தான் பண்ணேன். இந்தத் தடவை போயிட்டு வரட்டும். ஒன்பது மாசத்துல உனக்கே புரியும்."

அவள் மேஜையருகே வந்தாள். உறையிலிருந்து எடுத்த இரண்டு அட்டைகளில் பழையதைக் கையில் எடுத்தாள். விளிம்பு தேய்ந்து வெளுத்திருந்தது.

"இதை நீ எழுதினப்ப எனக்குப் பதினாறு வயசு. தலைவிக்கு மட்டும் ஏன் கிடையாதுன்னு உன்கிட்டச் சண்டை போட்டேன். கொடுக்கறவ தனக்கும் சேர்த்து எடுத்துக்கிட்டா ஆட்டம் கெட்டுப் போயிடும்னு சொன்னே. இப்ப ஏன் மாத்தினே?"

"கடைக்காரங்க கேட்டாங்க. பலமான தலைவி இருந்தாத்தான் விக்குதாம்."

"சரி. இந்தக் கதவையும் அவங்கதான் கேட்டாங்களா?"

அண்ணன் மடியிலிருந்த பேனாவைப் பார்த்தார். கடிகாரம் அடித்துக்கொண்டே இருந்தது. கண்டக்டர் வாயைத் திறந்தார். டீச்சர் அவர் காலை மிதித்தார். நாலு எட்டு. நாலு ஒன்பது. தங்கச்சி அழவில்லை. பழைய அட்டையை மேஜையில் இருந்த இடத்திலேயே வைத்தாள். பக்கத்தில் கிடந்த பகடையை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

நாலு பதினொன்றுக்குப் பேனாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

பெட்டிக்காரர் எண்ணை அழுத்தியதும் கதவு ஒரு பெருமூச்சோடு திறந்தது. தாழ்வாரத்தின் காற்று உள்ளே வந்தது. தங்கச்சி உடையைப் பையில் திணித்து, புகைப்படங்களை அள்ளிக்கொண்டாள்.

"வாங்க சோடா! சாட்சிக் கையெழுத்துப் போடறேன்னு சொன்னீங்கல்ல?"

"நான்தான் அப்பவே ரெடி!" சோடாபுட்டி ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். இருவருடைய காலடிச் சத்தமும் படிக்கட்டில் தடதடத்து, கீழே போய்த் தேய்ந்தது.

கண்டக்டரும் ஓடினார். அவர் ஓடியது தாழ்வாரத்தின் கோடியிலிருந்த கழிப்பறைக்கு. முகத்தில் பேரமைதியோடு அவர் திரும்பி வந்தபோது அறைக்குள் மூவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக்காரரின் எழுதும் பலகை. அதன் கிளிப்பில் அறிக்கை. அறிக்கைக்கு அடியில், எண்ணைப் பார்த்து எழுதுவதற்காக அவர் செருகி வைத்த அடையாள அட்டை.

"அய்யய்யோ," என்றார் பெட்டிக்காரர். "இது இல்லாம அங்க உள்ளயே விட மாட்டாங்களே."

மணி நாலு பதினாறு.

"கொடுங்க." அண்ணன் எழுந்து கையை நீட்டினார்.

பெட்டிக்காரர் டீச்சரைப் பார்த்தார். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி அது. டீச்சர் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தார். பிறகு, "கொடுத்திடுங்க," என்றார்.

அண்ணன் அட்டையை வாங்கிக்கொண்டு வெளியேறினார். நடந்துதான் போனார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க டீச்சர்!" கண்டக்டர் தலையில் கை வைத்தார். "திருடன் கையிலயே சாவியைக் கொடுத்த மாதிரி! நான் ஓடியிருப்பேனே!"

"உங்க முட்டிக்கு இருபது நிமிஷம் ஆகும்."

தாழ்வாரத்தில் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. இரண்டு பேரும் அங்கே போய் நின்றார்கள். கீழே கட்டடத்தின் வாசல். மாலை வெயில். தெருவில் தங்கச்சியையும் காணோம், சோடாபுட்டியையும் காணோம், போயிருந்தார்கள்.

அண்ணன் வெளியே வந்தார். வாசற்படியிலேயே நின்றார். கையிலிருந்த அட்டையை ஒருமுறை பார்த்தார். வலது பக்கத் தெருவைப் பார்த்தார். அந்தப் பக்கம்தான் வீடு. ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு அவரைச் சுற்றிப் போனது. அவர் நகரவில்லை.

"போச்சு," என்றார் கண்டக்டர். "எல்லாம் போச்சு."

அண்ணன் அட்டையைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு, இடது பக்கம் திரும்பினார். முதலில் வேகமாக நடந்தார். தெருமுனையில் ஓட ஆரம்பித்தார்.

கண்டக்டர் சட்டைப்பையில் கையை விட்டார். விசிலை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இரண்டு முறை ஊதினார்.